கப்பலைக் காக்கும் கோடு

பெரிய சரக்குக் கப்பல் ஒன்றின் படத்தை எடுத்து, அதன் பக்கவாட்டின் நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு வட்டம் தெரியும். அவ்வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு ஓடும். பக்கத்தில் ஏணிப்படிகளைப் போலச் சில சிறு கோடுகளும், அவற்றின் அருகே ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அது கப்பல் கம்பெனியின் முத்திரையும் அன்று. அழகுக்காக வரைந்த சித்திரமும் அன்று. "இந்தக் கோடு தண்ணீருக்குள் மறையும் அளவுக்குப் பாரம் ஏற்றாதே" என்று கப்பலுக்கு இடப்பட்ட கட்டளை அது. சரக்கேற்றும் எல்லைக்கோடு என்பது அதன் பொருள். அதற்காகப் பாடுபட்ட ஒருவரின் பெயரால் உலகம் அதைப் 'பிளிம்சால் கோடு' என்று அழைக்கிறது.

அவ்வட்டத்தின் குறுக்களவு 300 மில்லிமீட்டர்தான். நம் பையிலுள்ள 30 சென்டிமீட்டர் அளவுகோல் அதன் குறுக்கே சரியாகப் பொருந்திவிடும். நடுவே ஓடும் கோட்டின் நீளம் 450 மில்லிமீட்டர். மாபெரும் கப்பலின் உடலில் இது ஒரு மச்சத்தைப் போன்றது. ஆயினும் இச்சிறு அடையாளத்தை அங்கே வரைவதற்கு ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஏன்? ஒரு கோட்டைக் கண்டு யாருக்கு அச்சம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகர டப்பா சொல்லும் பாடம்

பௌதிக வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் படித்திருக்கிறோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. அதைக் கொண்டு ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போமா?

அடிப்பாகம் 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும், உயரம் 12 சென்டிமீட்டரும் உள்ள மூடியில்லாத தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை ஒரு கிராம். எனவே டப்பாவை ஒரு தொட்டி நீரில் மிதக்கவிட்டால் 3 சென்டிமீட்டர் அமிழும். இனி உள்ளே ஒவ்வொரு 100 கிராம் மணலைப் போடும்போதும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழும். 300 கிராம் மணல் போட்டால் 6 சென்டிமீட்டர் நீருக்குள்ளும், 6 சென்டிமீட்டர் நீருக்கு மேலும் நிற்கும். 600 கிராம் போட்டால் மேலே 3 சென்டிமீட்டர் மீதியிருக்கும். 850 கிராம் போட்டால் மீதியிருப்பது அரை சென்டிமீட்டர்தான்.

இப்பொழுதும் டப்பா மிதந்துகொண்டுதான் இருக்கிறது! தொட்டியின் ஓரத்தில் விரலால் தண்ணீரை மெல்ல அலைத்துப் பாருங்கள். ஒரு சிற்றலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். உள்ளே போன தண்ணீரின் எடையும் மணலோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த அலைக்கு விளிம்பு இன்னும் தாழ்ந்திருக்கும். மூன்றாவது, நான்காவது அலையில் டப்பா அடியில் கிடக்கும். அதே அலை 300 கிராம் மணல் உள்ள டப்பாவை ஆட்டும், ஆனால் மூழ்கடிக்காது.

நீருக்கு மேல் எஞ்சி நிற்கும் அந்த உயரத்தை மாலுமிகள் 'ஃப்ரீபோர்டு' என்பார்கள். நாம் அதை 'மீதி உயரம்' என்று சொல்லிக்கொள்வோம். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடக்கும் இடமாகத் தோன்றும். இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று மனம் சொல்லும். ஆனால் அது வீண் அன்று. புயல் நாளில் எடுத்துச் செலவழிப்பதற்காகக் கப்பல் சேர்த்து வைத்திருக்கும் சேமிப்பு. அலை கப்பலை ஒரு பக்கம் சாய்க்கும்போது அந்த மீதி உயரமே நீரில் அமிழ்ந்து, மிதப்பு விசையைக் கொடுத்து, கப்பலை நிமிர்த்துகிறது. அதையும் சரக்குக்கு விற்றுவிட்ட கப்பலுக்குக் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். ஆனால் வண்டிக்கும் கப்பலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வண்டியின் அச்சு பெரும்பாலும் பாரம் ஏற்றியவன் கண்ணெதிரிலேயே முறியும். கப்பலோ துறைமுகத்தின் அமைதியான நீரில் மூழ்குவதில்லை. கொடியசைத்துப் புறப்பட்டு, கரை மறைந்து, நடுக்கடலில் காற்று எழும்பும்போது மூழ்குகிறது. ஏற்றச் சொன்னவர் அப்பொழுது தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். இவ்வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

சவப்பெட்டிக் கப்பல்கள்

கப்பலில் எல்லை குறிக்கும் எண்ணம் புதியதன்று. இத்தாலியக் கடல் வாணிபம் செழித்திருந்த இடைக்காலத்தில் வெனிஸ் நகரத்தார் தங்கள் கப்பல்களின் பக்கத்தில் சிலுவை அடையாளம் ஒன்றைப் பொறித்தார்கள். ஜெனோவா நகரத்தார் மூன்று கிடைக்கோடுகள் வரைந்தார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகக் கடல் வாணிபத்தில் முதலிடம் பெற்ற பிரிட்டனில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 1835-இல் 'லாய்ட்ஸ் ரிஜிஸ்டர்' என்ற கப்பல் பதிவு நிறுவனம் ஒரு கணக்கைச் சொன்னது. சரக்கறையின் ஆழம் ஓர் அடியானால் மூன்று அங்குலம் மீதி உயரம் விடவேண்டும் என்பதே அக்கணக்கு. இருபது அடி ஆழமுள்ள சரக்கறைக்கு ஐந்து அடி மீதி உயரம் வரும். நல்ல கணக்குத்தான். ஆனால் அது வெறும் ஆலோசனை. மனச்சாட்சி உள்ளவர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் கேட்கவில்லை.

கேளாதவர்களின் கணக்கு வேறு. சரக்கு கூடினால் கூலி கூடும். கப்பல் பத்திரமாகச் சேர்ந்தால் இலாபம். சேராவிட்டால் இன்ஷூரன்ஸ் பணம் வரும். சிலர் கப்பலின் உண்மையான மதிப்புக்கு மேலேயே இன்ஷூர் செய்திருந்தார்கள். ஆகவே பழைய கப்பலைப் பழுது பார்க்காமலும் விளிம்பு வரை நிறைத்தும் அனுப்புவதில் முதலாளிக்கு நட்டம் இல்லாமற் போயிற்று. நட்டம் முழுவதும் அதில் ஏறிய மாலுமிக்கும், கரையில் காத்திருந்த அவன் மனைவி மக்களுக்கும்தான். இத்தகைய கப்பல்களை மக்கள் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று அழைத்தார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்றும் இருந்தது. வேலைக்கு ஒப்பந்தம் எழுதிய மாலுமி, கப்பலைக் கண்ணால் கண்ட பிறகு, "இதில் ஏறமாட்டேன், இது கரை சேராது" என்று மறுத்தால் சட்டப்படி அவனைச் சிறையில் அடைக்கலாம். அவ்வாறு சிறை சென்றவர்கள் பலர். கடலில் சாவதா, சிறையில் கிடப்பதா என்பதே அவர்கள் முன் இருந்த தேர்வு.

1866-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் 'லண்டன்' என்ற நீராவிக் கப்பல் பிஸ்கே வளைகுடாவில் மூழ்கியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்ற பயணிகள் அதில் இருந்தனர். சரக்கு மிகுதியால் அக்கப்பல் தாழ மிதந்தது என்ற பேச்சு அப்பொழுதே எழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே ஒரு படகில் 19 பேர் மட்டுமே உயிர் தப்பினர். மேலும் 1873-74 ஆகிய ஓராண்டில் மட்டும் பிரிட்டனின் கரையோரங்களில் 411 கப்பல்கள் மூழ்கி 506 பேர் இறந்ததாகக் கணக்கு உள்ளது. இவை யாவும் பாரத்தினால் மட்டும் நேர்ந்தவை அல்ல. ஆனால் பாரமும் பராமரிப்பின்மையும் அவற்றுள் பலவற்றுக்குக் காரணமாயிருந்தன.

கரியும் கடனும் கண்ட மனிதர்

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தவர் கப்பல் தலைவரோ கடற்படை வீரரோ அல்லர். சாமுவேல் பிளிம்சால் ஒரு நிலக்கரி வியாபாரி. 1824 பிப்ரவரி 10-இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். ஷெஃபீல்டு நகரில் சாதாரண எழுத்தராக வேலை பார்த்து, மேலாளராக உயர்ந்து, பிறகு 1853-இல் லண்டனுக்குச் சென்று நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். வியாபாரம் நொடித்தது. கையிலிருந்ததெல்லாம் போயிற்று. ஏழைத் தொழிலாளிகள் தங்கும் பொது விடுதியில், வாரம் எட்டு ஷில்லிங்குக்கும் குறைவான பணத்தில் அவர் காலம் கழிக்க நேர்ந்தது.

ஏழைகள் ஒருவருக்கொருவர் எப்படி உதவி வாழ்கிறார்கள் என்பதை அவர் அங்கே அருகிலிருந்து கண்டார். பின்னர் நல்ல நிலைக்குத் திரும்பியபோதும் அந்நாட்களை மறக்கவில்லை. 1868-இல் டெர்பி தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் நுழைந்தார். நியூகாசில் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி அதற்கு முன்பே எல்லைக்கோடு வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். அவர் தொடங்கிய முயற்சியைப் பிளிம்சால் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். கப்பல் முதலாளிகள் எல்லாரும் தீயவர் அல்லர் என்பதையும் இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டும். அளவோடு ஏற்றும் நல்ல முதலாளிக்குக் கூலி குறைந்தது. அளவு மீறுபவனுக்குக் கூடியது. எல்லாருக்கும் ஒரே சட்டம் வந்தால்தான் நல்லவனும் தொழிலில் நிலைக்க முடியும்.

'நம் மாலுமிகள்: ஒரு வேண்டுகோள்' என்று பொருள்படும் தலைப்பில் பிளிம்சால் எழுதிய நூல் 1873-இன் தொடக்கத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. கணவனையும் மகனையும் கடலில் இழந்த பெண்களின் வீடுகளுக்குச் சென்று கண்டவற்றை அதில் எழுதியிருந்தார். அவர் மனைவி எலிசா இப்போராட்டம் முழுவதிலும் அவருக்கு உறுதுணையாக நின்றார். மாலுமிகளுக்காகக் கூட்டங்கள் நடந்தன, நிதி சேர்ந்தது. சில கப்பல் முதலாளிகள் பிளிம்சால் மீது அவதூறு வழக்குகள் தொடுத்தனர். அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழுவோ கட்டாய எல்லைக்கோடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று கருத்துக் கூறியது. 1874-இல் பிளிம்சால் கொண்டுவந்த மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது.

ஒரு நாள் எழுந்த கோபம்

1875-இல் டிஸ்ரேலியின் அரசு தானே ஒரு கப்பல் மசோதாவைக் கொண்டுவந்தது. ஆனால் ஜூலை 22-ஆம் நாள், நேரமில்லை என்று கூறி அதைக் கைவிடுவதாகப் பிரதமர் அறிவித்தார். பிளிம்சாலால் பொறுக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தொடர் வருவதற்குள் குளிர்காலப் புயல்களில் எத்தனை பேர் மாள்வார்கள் என்ற எண்ணம் அவரை உலுக்கியது. சபையின் நடுவே வந்து நின்றார், மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புகிறவர்கள் அந்தச் சபையிலேயே இருக்கிறார்கள் என்று கூவினார், அவர்களைக் கயவர்கள் என்று அழைத்தார், முஷ்டியை உயர்த்தினார். சபாநாயகர் சொல்லியும் தம் சொற்களைத் திரும்பப் பெறாமல் வெளியேறினார்.

ஒரு வாரம் கழித்துச் சபைக்கு வந்து, ஒழுங்கை மீறியதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் தாம் கூறிய உண்மைகளில் ஒன்றையும் அவர் மறுக்கவில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் நாடு முழுவதும் மக்கள் அவர் பக்கம் திரண்டிருந்தார்கள். தொழிலாளரும் ஆலய குருக்களும் பத்திரிகைகளும் அரசை வினவினர். அரசு விரைந்து ஒரு தற்காலிகச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு, 1876-இல், நிரந்தரச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் எல்லைக்கோடு வரைவது கட்டாயமாயிற்று.

வரலாற்றுப் புத்தகங்கள் பல இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

கோட்டை யார் வரைவது?

1876-இன் சட்டம் கோடு வரையவேண்டும் என்றது. எங்கே வரையவேண்டும் என்று சொல்லவில்லை! அந்த இடத்தைக் கப்பலின் சொந்தக்காரரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. மாணவி தன் விடைத்தாளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்றதல்லவா இது? கோபமும் குறும்பும் மிக்க ஒரு கப்பல் தலைவர் தம் கோட்டைக் கப்பலின் புகைபோக்கியிலே வரைந்துகொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை வேடிக்கையானதுதான். ஆனால் அச்சட்டத்தின் ஓட்டையை அது நன்றாகவே காட்டுகிறது.

அந்த ஓட்டையை அடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1890-இல் வந்த சட்டமே, கோட்டின் இடத்தை அரசு ஏற்றுக்கொண்ட கணக்கின்படி குறிக்கவேண்டும் என்று விதித்தது. கப்பலின் நீளம், ஆழம், வடிவம், உறுதி ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் பொறுப்பு, கூலியில் பங்கில்லாதவர்களின் கைக்கு வந்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களையும் இவ்விதிக்குள் கொண்டுவந்தது. 1898 ஜூன் 3-இல் மறைந்த பிளிம்சால் அதைக் காண உயிரோடு இல்லை. 1930-இல் லண்டனில் பல நாடுகள் கூடி ஓர் அனைத்துலக உடன்படிக்கை செய்தன. 1966-இல் அது புதுப்பிக்கப்பட்டு, 1968 ஜூலை 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் இந்தியாவிலும் 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தில் எல்லைக்கோட்டுக்கான விதிகள் இடம்பெற்றன.

சட்டம் எழுதப்பட்டதால் மட்டும் மாலுமிக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. எல்லையை மீறினால் இலாபம் அடைபவனிடமிருந்து எல்லை வரையும் உரிமையை எடுத்தபோதுதான் அது வந்தது. இதுவே இவ்வரலாற்றின் உட்பொருள் என்று நாம் கருதுகிறோம்.

ஏணியைப் படிப்போம்

இனி, வட்டத்தின் அருகிலுள்ள ஏணி போன்ற கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். மேலிருந்து கீழாக அவை இவ்வாறு அமையும்:

டி.எஃப். — வெப்பமண்டல நன்னீர்
எஃப். — நன்னீர்
டி. — வெப்பமண்டலக் கடல்
எஸ். — கோடைக் கடல்
டபிள்யூ. — குளிர்காலக் கடல்
டபிள்யூ.என்.ஏ. — வட அட்லாண்டிக் குளிர்காலம்

வட்டத்தின் நடுவே ஓடும் கோடும் 'எஸ்.' என்னும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்கும். கடைசிக் கோடு 100 மீட்டருக்கு மேற்படாத நீளமுள்ள கப்பல்களுக்கு உரியது. வட்டத்தின் இரு பக்கமும் காணப்படும் எழுத்துகள், கோட்டின் இடத்தை அளந்து குறித்த நிறுவனத்தைக் காட்டும்.

ஒரே கப்பலுக்கு ஏன் இத்தனை கோடுகள்? கடல் எப்பொழுதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குளிர்காலக் கடலில் அலை பெரிது. எனவே மீதி உயரமும் பெரிதாக வேண்டும். வெப்பமண்டலத்தின் அமைதியான பருவத்தில் சற்றுக் கூடுதலாக ஏற்றலாம். கோடைக்கோட்டின்படி கப்பல் எவ்வளவு ஆழம் அமிழுமோ, அதில் 48-இல் ஒரு பங்குதான் இந்த வேற்றுமை. 9.6 மீட்டர் அமிழும் கப்பலுக்கு அது 20 சென்டிமீட்டர். வெப்பமண்டலக் கோடு அவ்வளவு மேலே, குளிர்காலக் கோடு அவ்வளவு கீழே.

இருபது சென்டிமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. நீர்மட்டத்தில் 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த ஏறத்தாழ 20 டன் சரக்கு வேண்டும். அப்படியானால் 20 சென்டிமீட்டருக்கு 400 டன். பத்து டன் லாரிகள் நாற்பது! கோட்டைச் சற்று மேலே தள்ளிவைக்க ஏன் அத்தனை பேர் விரும்பினார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நன்னீர்க் கோட்டின் காரணம் வேறு. உப்பிட்ட நீரில் முட்டை மிதப்பதையும் நல்ல நீரில் அமிழ்வதையும் நாம் அறிவோம். கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ எடையுள்ளது; நன்னீரோ 1,000 கிலோ. எனவே அதே கப்பல் ஆற்றில் சற்று அதிகமாக அமிழும். ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள கொல்கத்தாத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வட்டக்கோடு சிறிது நீருக்குள் மறைந்திருந்தாலும், அது விதித்த அளவுக்குள் இருந்தால் குற்றமில்லை. வங்கக் கடலின் உப்புநீரை அடைந்ததும் கப்பல் தானே உயர்ந்து கோட்டை வெளிக்காட்டிவிடும்.

நம் வங்கக் கடலுக்கும் இவ்விதிகளில் தனி இடம் உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வங்காள விரிகுடாவில் வெப்பமண்டலக் கோடு வரை ஏற்றலாம். மே 1 முதல் நவம்பர் 30 வரை கோடைக் கோட்டைத் தாண்டக் கூடாது. பருவமழைக் காற்றும், மே மாதத்துப் புயலும், ஐப்பசி கார்த்திகைப் புயலும் நம் கரையோர மக்கள் அறிந்தவைதாமே! அவற்றுக்கெல்லாம் இடம் விட்டே அந்நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. அரபிக் கடலிலோ ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கோடைக் கோடே எல்லை.

மீன்பிடி படகுகள், போர்க்கப்பல்கள், உல்லாசப் படகுகள், 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கப்பல்கள் ஆகியவற்றை அனைத்துலக உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. அவற்றை அந்தந்த நாட்டுச் சட்டமும், நடத்துபவர்களின் மனச்சாட்சியுமே காக்கவேண்டும்.

கோடு தெரிந்தும் மூழ்கிய கப்பல்

ஆனால் கோட்டையும் ஏமாற்றுவோர் உண்டு. 2014 ஏப்ரல் 16-ஆம் நாள், தென்கொரியாவின் இன்சியோன் துறைமுகத்திலிருந்து ஜேஜு தீவுக்குச் சென்ற 'செவோல்' என்ற பயணிக் கப்பல் கவிழ்ந்தது. அதில் இருந்த 476 பேரில் 304 பேர் இறந்தனர். அவர்களுள் 250 பேர் டான்வொன் உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர். பள்ளிச் சுற்றுலா சென்றவர்கள். நம்மைவிட ஓரிரு வயதே மூத்தவர்கள்.

அக்கப்பலில் மேல்தளத்தைப் பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். அதனால் அது தலைப்பாரம் கொண்டிருந்தது. ஏற்ற அனுமதித்த சரக்கு 987 டன். ஏற்றியதோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். சரக்கைச் சரிவரக் கட்டவும் இல்லை. அவ்வளவு பாரத்துக்குக் கோடு நீரில் மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறையவில்லை. கப்பல் நிமிர்ந்து நிற்பதற்காக அடித்தொட்டிகளில் தண்ணீர் நிறைத்து வைப்பது வழக்கம். அத்தண்ணீரில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார்கள். அடியில் இருக்கவேண்டிய எடை போய், மேலே கூடாத எடை வந்தது. பார்ப்பவர் கண்ணுக்குக் கோடு சரியாகவே தெரிந்தது. கப்பல் மட்டும் தன் சமநிலையை இழந்திருந்தது. ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. சரக்கு ஒரு பக்கம் சரிந்தது. பிறகு அது நிமிரவே இல்லை. அறைகளிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி மாணவர்கள் காத்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். சொன்ன சொல் கேட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். தாங்கள் ஏறிய கப்பலில் எவ்வளவு பாரம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அறியவேண்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

நமக்கு அண்மையிலும் இத்துயரம் நிகழ்ந்திருக்கிறது. 2023 மே 7-ஆம் நாள் கேரளத்தின் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அப்படகிலும் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

நாம் செய்யத்தக்கது

பிளிம்சாலுக்கு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1929-இல் அதை நிறுவியவர்கள் மாலுமிகளின் சங்கத்தினர். உடற்பயிற்சி வகுப்புக்கு நாம் அணிவதைப் போன்ற கேன்வாஸ் காலணிக்கு இங்கிலாந்தில் 'பிளிம்சால்' என்ற பெயரே வழங்குகிறது. அடிப்பாகத்தின் ரப்பர் பட்டை கப்பலின் கோட்டைப் போலிருக்கிறது. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் கால் நனையும்!

நம்மில் பெரும்பாலோர் கப்பல் ஓட்டப் போவதில்லை. ஆனால் படகில் ஏறுவோம். பேருந்திலும் ஆட்டோவிலும் பள்ளிக்கு வருகிறோம். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "இன்னும் இரண்டு பேர்தானே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்" என்ற சொல்லையும் நாள்தோறும் கேட்கிறோம். அந்த இரண்டு பேருக்கான கூலி ஓட்டுபவருக்கு, ஆபத்து அனைவருக்கும். ஆகவே, படகில் ஏறுமுன் எழுதியுள்ள எண்ணைப் படிப்போம். எண்ணிக்கை மீறியிருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருப்போம். பெற்றோரும் பெரியோரும் நம் பொருட்டு இக்கேள்வியைக் கேட்கவேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம். ஏற மறுத்த மாலுமியை அக்காலத்தில் சிறையில் அடைத்தார்கள். நம்மை யாரும் சிறையில் அடைக்கப் போவதில்லை. வீட்டுக்குச் சற்றுத் தாமதமாகப் போவோம், அவ்வளவுதான்.

அடுத்த முறை சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ செல்லும்போது, துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பக்கத்தில் அந்த வட்டத்தைத் தேடிப் பாருங்கள். கோடு தண்ணீருக்கு மேலே தெரிகிறதா என்று பாருங்கள். கரையில் நிற்கும் எவரும், ஒரு பள்ளிச் சிறுமியும்கூட, பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அதை வெளியே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு